உள்ள இருக்கறவங்களைப் பாக்கப் போறவங்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

சிறை ஊழியத்தைப் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். இவ்வளவு வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணாச் சேத்துட்டேன், பேரு ஊரு எதுவும் போடல, காரணம் உங்களுக்கே தெரியும். சில கடிதங்களுக்கு தனியா பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: எங்க சபையில சிறை ஊழியத்துக்கு ஆள் கேக்கறாங்க. எனக்கு பிரசங்கம் பண்ண வராது, பாடவும் வராது, உள்ள போகவே பயமா இருக்கு. நான் போய் என்ன பண்ணப் போறேன்?

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரு தடவை நிதானமா வாசிச்சுப் பாருங்க. பசியா இருந்தவனுக்கு சாப்பாடு, தாகமா இருந்தவனுக்கு தண்ணி, துணி இல்லாதவனுக்கு துணின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொருள் குடுத்ததா இருக்கு, ஆனா ஜெயில்ல இருந்தவனுக்கு என்ன குடுத்தாங்க? "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்", அவ்வளவுதான் இருக்கு. விடுதலை வாங்கித் தந்தீங்கன்னு சொல்லல, எனக்கு பிரசங்கம் பண்ணீங்கன்னும் சொல்லல, பாக்க வந்தீங்கன்னு மட்டும்தான் சொல்றார். அது உங்களால முடியும்.

பயம் எல்லாருக்கும் இருக்கும். கேட்டுக்கு மேல கேட்டு பின்னாடி சாத்துற சத்தம் முதல் தடவை வயித்தை என்னமோ பண்ணும், போகப் போக பழகிடும். போனை வெளியிலேயே குடுத்துடுங்க, அடையாள அட்டை கையில வச்சுக்குங்க, உள்ள என்ன கொண்டு போகலாம் கூடாதுன்னு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, அதிகாரி சொன்ன இடத்துல உக்காருங்க.

அப்புறம் என்ன பேசறதுன்னு யோசிக்கறீங்க இல்ல, ஆதியாகமம் 40ல யோசேப்பு என்ன பண்ணான்னு பாருங்க. அவனே கைதிதான், செய்யாத தப்புக்கு உள்ள கிடக்கறான், காலையில வந்து கூட அடைபட்டிருந்த ராஜாவோட பானபாத்திரக்காரன் முகத்தையும் சுயம்பாகி (அப்பம் சுடறவன்) முகத்தையும் பாக்கறான், பாத்துட்டு ஏன் இன்னிக்கு உங்க முகம் துக்கமா இருக்குன்னு கேக்கறான். அவங்க கனவைச் சொன்னதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். நீங்களும் முகத்தைப் பாருங்க. அடுத்த தடவை போகும்போது "உங்க அம்மாவுக்கு கண் ஆபரேஷன்னு சொன்னீங்களே, முடிஞ்சுதா"ன்னு கேளுங்க. தான் சொன்னது ஒருத்தருக்கு ஞாபகம் இருக்குங்கறது உள்ள இருக்கறவருக்கு எவ்வளவு பெருசுன்னு அப்ப அவர் முகத்துலேயே தெரிஞ்சுக்குவீங்க.

ஆனா ஒண்ணு, தொடர்ந்து போக முடியாதுன்னா ஆரம்பிக்காதீங்க. அதே அதிகாரத்தோட கடைசி வசனத்துல, என்னை நினைச்சுக்கோன்னு யோசேப்பு கேட்டும், வெளிய போன பானபாத்திரக்காரன் மறந்துட்டான்னு இருக்கு, அடுத்த அதிகாரம் ரெண்டு வருஷம் கழிச்சுதான் ஆரம்பிக்குது. உள்ள இருக்கறவங்க இந்த மாதிரி பானபாத்திரக்காரங்களை நிறைய பாத்துட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பண்டிகைக்கு பெரிய டீமா போய் ஸ்பீக்கர் வச்சு பாடிட்டு போட்டோ கேக்கறதை விட, ரெண்டே பேர் மாசாமாசம் சொன்ன தேதியில தவறாம போறது எவ்வளவோ மேல்.

கேள்வி: என்ன கேஸ்ல உள்ள வந்தீங்கன்னு கேக்கலாமா?

கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேட்டுக்குங்க, முகத்தைச் சுளிக்காதீங்க, வீட்டுக்கு வந்து நெட்ல அவங்க பேரைப் போட்டுத் தேடாதீங்க. விசாரணைக் கைதியா இருந்தா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், கேஸ் முடியல, உங்ககிட்ட ஒருத்தர் மனசு விட்டு சொல்ற விஷயம் நாளைக்கு கோர்ட்ல கேள்வியா வரலாம், அதனால "இது பத்தி உங்க வக்கீல்கிட்ட பேசுங்க, என்கிட்ட வேணாம்"னு அன்பா சொல்லிடலாம். எதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மொத்தமா சத்தியமும் பண்ணாதீங்க. தற்கொலை எண்ணம், இன்னொருத்தருக்கு ஆபத்து, ஒரு குழந்தைக்கு நடக்கற கொடுமை, இந்த மாதிரி எதையாவது சொன்னா நீங்க சொல்ல வேண்டிய இடத்துல சொல்லித்தான் ஆகணும், அதை முதல்லயே தெரியப்படுத்திடுங்க.

கேள்வி: என் தம்பியைக் கொன்னவன் ஜெயில்ல இருக்கான். எங்க சபை ஆட்கள் அதே ஜெயிலுக்குப் போய் பாட்டு பாடறாங்க, கிஃப்ட் குடுக்கறாங்க, வந்து ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்றாங்க. அடக்கத்துக்கு அப்புறம் எங்க வீட்டுப் படியை யாரும் மிதிக்கல. இதுதான் அன்பா?

உங்க கடிதத்தை மறுபடி மறுபடி வாசிச்சேன். நீங்க கேக்கறது சரி. ஜெயிலுக்கு பஸ் பிடிச்சுப் போக நேரம் இருக்கற சபைக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கற உங்க அம்மாவைப் பாக்க நேரம் இல்லன்னா அது ஊழியத்துல இருக்கற பெரிய ஓட்டை. இதைப் படிக்கிற சிறை ஊழியக் குழுக்கள் எல்லாருக்கும் சேத்து சொல்றேன், நீங்க பாக்கப் போற ஒவ்வொருத்தருக்குப் பின்னாடியும் அடிபட்ட ஒரு குடும்பம் எங்கயோ இருக்கு, அவங்க உங்க சபையிலேயே உக்காந்திருக்கலாம். அவங்க வீட்டுக்கு முதல்ல போங்க.

மன்னிக்கணும்னு யாராவது உங்களை நெருக்கினா அவங்களுக்கு பதில் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்ல. அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நடக்கறது, அதுக்கு யாரும் தேதி குறிக்க முடியாது. அவன் மனந்திரும்பிட்டான், உங்களைப் பாக்கணும்னு சொல்றான்னு டீம்ல யாரும் நீங்க கேக்காம சேதி கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தா வேணாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

வேதத்துல நடந்த முதல் கொலையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்னு தோணுது, உங்களை வற்புறுத்த சொல்லல. ஆதியாகமம் 4ல, அண்ணன் காயீன் கொன்ன ஆபேலோட ரத்தம் பூமியிலிருந்து கூப்பிடற சத்தத்தை கர்த்தர் கேட்டார்னு இருக்கு. கொலைக்கு அப்புறம் உன் தம்பி எங்கன்னுதான் காயீன்கிட்ட முதல் கேள்வியே கேக்கறார். செத்தவனை அவர் மறக்கல, மூடி மறைக்க விடல, தண்டனையும் குடுத்தார். அதே அதிகாரத்துல அஞ்சு வசனம் தள்ளி, காயீனை யாரும் கொன்னு போடாதபடிக்கு அவன் மேல ஒரு அடையாளமும் போடறார். ரெண்டும் ஒரே கர்த்தர் செஞ்சது. பல சிறை ஊழியக்காரங்க ரெண்டாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டு முதலாவதை விட்டுடறாங்க, உன் தம்பி எங்கங்கற கேள்வியை உள்ள போய் கேக்கறதே இல்ல, எல்லாம் மன்னிக்கப்பட்டாச்சுன்னு பாடிட்டு வந்துடறாங்க. உங்க கோபம் அங்கதான் இருக்குன்னு எனக்குப் படுது, அது நியாயம்.

இதைச் சரியா செய்ய முயற்சி பண்ணவங்களும் இருக்காங்க. 1974ல கனடாவுல எல்மைராங்கற ஊர்ல ரெண்டு பசங்க குடிச்சுட்டு ஒரே ராத்திரியில 22 பேரோட வீடு, கார்னு உடைச்சு நாசம் பண்ணிட்டாங்க. மென்னோனைட் சபையைச் சேர்ந்த ஒரு ப்ரொபேஷன் ஆபீஸர், இவங்களை பாதிக்கப்பட்டவங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாமான்னு ஜட்ஜ்கிட்ட கேட்டார், ஜட்ஜும் ஒத்துக்கிட்டார். பசங்க ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நாங்கதான் பண்ணோம்னு சொல்லி, எவ்வளவு நஷ்டம்னு கேட்டு, அப்புறம் பணத்தை குடுத்தாங்க. பிரிசன் ஃபெலோஷிப் இன்டர்நேஷனல் பல நாட்டு ஜெயில்கள்ல சிக்கமோர் ட்ரீன்னு ஒரு வகுப்பு நடத்துது. சகேயு ஏறின காட்டத்தி மரம்தான் அந்தப் பேரு, ஏமாத்தி வாங்கினதை நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா, திருப்பித் தரேன்னு சொன்னவன் அவன். குற்றத்தால பாதிக்கப்பட்டவங்க, அதாவது வேற கேஸ்ல பாதிக்கப்பட்டவங்க, தானா முன்வந்து உள்ள போய் தங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்வாங்க, கைதிங்க உக்காந்து கேக்கணும். சில வாரம் தொடர்ந்து நடக்கும். கண்ணாடியை உடைச்சா காசு குடுக்கலாம், உங்க தம்பியை எந்த நாலத்தனையாலயும் திருப்பித் தர முடியாது, அது எனக்குத் தெரியும். உங்க கடிதத்தை பேர் இல்லாம உங்க பாஸ்டருக்கு அனுப்பவான்னு தனியா கேட்டிருக்கேன், நீங்க சரின்னு சொன்னா மட்டும்தான் அனுப்புவேன்.

கேள்வி: ஜெயில்ல இரட்சிக்கப்பட்டேன்னு சொல்றவங்களை நம்பலாமா? தண்டனை குறையும்னு நடிக்கிறாங்கன்னு சொல்றாங்களே.

நடிக்கிறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். வெளியில சபையிலயும் இருக்காங்க. அமெரிக்காவுல ஜனாதிபதி நிக்சன் ஆபீஸ்ல இருந்த சார்ல்ஸ் கோல்சன் 1973ல தான் கிறிஸ்துவை ஏத்துக்கிட்டதா சொன்னப்ப பத்திரிகைங்க கேலி பண்ணின, வாட்டர்கேட் ஊழல்ல மாட்டினதும் ஆண்டவர் ஞாபகம் வந்துடுச்சான்னு. 1974ல குற்றத்தை ஒத்துக்கிட்டு ஏழு மாசம் உள்ள இருந்தார், வெளிய வந்து 1976ல பிரிசன் ஃபெலோஷிப்பை ஆரம்பிச்சார், 2012ல சாகறவரைக்கும் அந்த வேலையை விடல. உண்மையா பொய்யான்னு 1973ல யாராலயும் சொல்லியிருக்க முடியாது, அவரோட மிச்ச வாழ்க்கைதான் சொல்லிச்சு.

அதனால கண்டுபிடிக்கிற வேலை நமக்கு வேணாம். நடிப்புக்கு லாபம் இல்லாம பாத்துக்கறது மட்டும் நம்ம கையில இருக்கு. ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு தனி கிஃப்ட், கை தூக்கினவங்களுக்கு முதல் வரிசை, சபைக்கு ரிப்போர்ட்ல இத்தனை ஆத்துமான்னு ஒரு கணக்கு, இதெல்லாம் நாமளே நடிக்கச் சொல்லிக் குடுக்கறது. கணக்கே எடுக்காதீங்கன்னு தைரியமா சொல்வேன். பரோலுக்கு லெட்டர் கேட்டா, எத்தனை மாசமா வகுப்புக்கு வர்றார், எப்படி நடந்துக்கறார்னு கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க. இவர் புது மனுஷன்னு நீங்க சர்ட்டிஃபிகேட் குடுக்க முடியாது.

இன்னொண்ணு, பல பேருக்கு இது தெரியறதில்ல. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பர்ல ஏத்துக்கிட்ட, கைதிகளை எப்படி நடத்தணும்னு சொல்ற நெல்சன் மண்டேலா விதிகள்ல 65ஆவது விதி, எந்தக் கைதிக்கும் அவங்க மதத்துப் பிரதிநிதியைப் பாக்கறதை மறுக்கக் கூடாதுன்னு சொல்லுது, கூடவே ஒருத்தர் எனக்கு வேணாம்னா அதை முழுசா மதிக்கணும்னும் சொல்லுது. வேணாம்னு சொன்னவர்கிட்டயும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு வரலாம், அதுக்கு மேல போகாதீங்க. பூட்டின ரூம்ல இருக்கறவர் எழுந்து போக முடியாது, அவர் உக்காந்து கேக்கறதை எல்லாம் விருப்பம்னு எடுத்துக்க முடியுமா?

கேள்வி: இந்த ஊழியத்தை யார் ஆரம்பிச்சது? மிஷனரிங்க காலத்துலயா?

அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. ஆதி சபையில சில பேர் உள்ளேயும் மத்தவங்க வெளியேயும்தான் இருந்தாங்க, அதனால அது தனி ஊழியமாவே தெரிஞ்சிருக்காது. எபிரெயர் 13:3ல "கட்டப்பட்டிருக்கிறவர்களோடே நீங்களும் கட்டப்பட்டவர்கள்போல"ன்னு எழுதினது சும்மா அழகுக்கு இல்ல, அன்னிக்கு அதுதான் நிலைமை. ரெண்டாம் நூற்றாண்டுல லூசியன்னு ஒரு கிரேக்க எழுத்தாளர் கிறிஸ்தவங்களை நக்கல் பண்ணி எழுதினதுல கூட, அவங்க ஆள் ஒருத்தர் உள்ள போனா விதவைங்களும் அனாதைப் பிள்ளைங்களும் விடியக்காலையிலேயே ஜெயில் வாசல்ல வந்து நிக்கறாங்க, அவங்க தலைவருங்க காவல்காரனுக்கு காசு குடுத்து உள்ளயே தூங்கறாங்கன்னு இருக்கு. பகையாளி எழுதின சாட்சின்னா அதுக்கு தனி மதிப்புதான். 203ல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் ஜெயில்ல இருந்த பெர்பெத்துவாங்கற கிறிஸ்தவப் பெண்ணுக்கு கைக்குழந்தை, ரெண்டு டீக்கன்மார் பணம் குடுத்து அவங்களை சில மணி நேரம் கொஞ்சம் நல்ல இடத்துக்கு மாத்த வச்சாங்க, அங்கதான் பிள்ளைக்கு பால் குடுக்க முடிஞ்சதுன்னு அவங்க குறிப்புலயே வருது.

பின்னாடி 1619ல வின்சென்ட் தெ பால் பிரான்ஸ் நாட்டு கப்பல்கள்ல துடுப்பு வலிச்ச கைதிங்களுக்கு தலைமை சாப்ளினா (போதகரா) வந்தார், 1730ல ஜான் வெஸ்லி கூட்டாளிங்க ஆக்ஸ்ஃபோர்டு கோட்டை ஜெயிலுக்குப் போக ஆரம்பிச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது எலிசபெத் ஃப்ரை. 1813ல லண்டன் நியூகேட் ஜெயிலுக்குப் போனாங்க, பெண்கள் பகுதியில பிள்ளைகுட்டியோட கந்தலும் அழுக்குமா அடைஞ்சு கிடந்தாங்க, முதல்ல கொண்டு போனது துணிமணி. அப்புறம் பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம், பெண்களுக்கு தையல் வேலை. 1817ல ஒழுங்கு விதிகள் போட்டப்ப ஒவ்வொண்ணா வாசிச்சு அந்தப் பெண்கள்கிட்டயே ஓட்டு கேட்டாங்க, கைதிங்க கை தூக்கி சம்மதிச்சது மட்டும்தான் விதி. நாடு கடத்தற கப்பல்ல போற பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பை குடுத்தாங்க, பைபிளோட ஊசி, நூல், துண்டுத் துணிங்க எல்லாம் இருக்கும், மாசக்கணக்கா கடல்ல கிடக்கறப்ப கைக்கு வேலை, இறங்கின ஊர்ல வித்துக்கவும் ஒரு பொருள். 1841ல ராஜாங்கற கப்பல்ல போன பெண்கள் அப்படி தச்ச ஒரு பெரிய போர்வை இன்னும் ஆஸ்திரேலியா தேசிய கலைக்கூடத்துல இருக்கு, 2,800 துண்டுக்கு மேல சேத்து தச்சது.

நல்ல எண்ணமே தப்பாப் போன கதையும் இதுல உண்டு, அதையும் சொல்லணும். அமெரிக்காவுல ஃபிலடெல்பியாவுல குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவப் பிரிவோட தூண்டுதல்ல 1829ல திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் ஜெயில்ல ஒவ்வொருத்தரையும் தனித்தனி ரூம்ல வச்சாங்க, கையில ஒரு பைபிள், மேல வெளிச்சத்துக்கு ஒரு சின்ன ஜன்னல், வெளிய கூட்டிட்டு வந்தா முகத்தை மூடி ஒரு உறை. தனிமையில இருந்தா ஆண்டவரோட பேசி மனந்திரும்புவாங்கன்னு நம்பினாங்க. பல பேருக்கு புத்தி பேதலிச்சுது. 1913ல தான் அந்த முறையை அதிகாரப்பூர்வமா கைவிட்டாங்க. ஃப்ரையும் குவேக்கர்தான், இவங்களும் குவேக்கர்தான், வாசிச்சது ஒரே வேதம். ஃப்ரை நேர்ல போய் அந்தப் பெண்களோட உக்காந்தாங்க, இவங்க ஆளே வேணாம், பைபிள் மட்டும் போதும்னு நினைச்சாங்க. பைபிள் பெட்டி பெட்டியா அனுப்பிட்டு நாம போகாம இருக்கற சபைகள் இதை யோசிக்கணும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார். பிள்ளைங்க அப்பா எங்கன்னு கேக்கறாங்க, வெளிநாட்டுல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். சபைக்குப் போனா எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க, போறதையே விட்டுட்டேன்.

அம்மா, நீங்க எந்தத் தப்பும் பண்ணல, முதல்ல அதை மனசுல வைங்க. பிள்ளைங்ககிட்ட வயசுக்குத் தகுந்த மாதிரி உண்மையை நீங்களே சொல்லிடறது நல்லது, ஸ்கூல்ல யாரோ ஒரு பையன் வாயில இருந்து தெரிஞ்சா அப்பா மேல மட்டும் இல்ல உங்க மேலயும் நம்பிக்கை போயிடும். சின்னவனுக்கு "அப்பா ஒரு தப்பு பண்ணிட்டார், அதுக்கு ஒரு இடத்துல இருக்கார், உன் மேல பாசம் குறையல, இது உன்னால வந்தது இல்ல" அப்படின்னா போதும். கடைசி வார்த்தையை கண்டிப்பா சொல்லுங்க, பிள்ளைங்க தங்களாலதான்னு நினைச்சுக்கும்.

சபைகளுக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். அமெரிக்காவுல பேங்க் கொள்ளைக்காக உள்ள இருந்த மேரி கே பியர்ட்னு ஒரு அம்மா, கிறிஸ்துமஸ் சமயத்துல கூட இருக்கற தாய்மார் என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்காங்க. வெளியிலிருந்து வர்ற கிறிஸ்தவக் குழுக்கள் குடுக்கற சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட்டை தாங்க யூஸ் பண்ணாம எடுத்து வச்சு, கிடைச்ச பேப்பர்ல சுத்தி, பாக்க வர்ற பிள்ளைங்களுக்கு கிஃப்ட்டா குடுத்தாங்க, பிள்ளைங்களும் அம்மா குடுத்ததுன்னு அவ்வளவு சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க. அவங்க வெளிய வந்து 1982ல ஏஞ்சல் ட்ரீன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, உள்ள இருக்கற அப்பா அம்மா பேர்லயே சபைக்காரங்க பிள்ளைங்களுக்கு பரிசு கொண்டு போய் குடுக்கறது. நம்ம சபைங்களும் இதைச் செய்யலாம், வாங்கறது நாம, பேரு அப்பாவோடது. சபை லேபிள் ஒட்டாதீங்க, பிள்ளையை மேடையில ஏத்தாதீங்க.

இந்த மாதிரி குடும்பம் ஒண்ணு உங்க சபையில இருந்தா மனு போட்டுப் பாக்கப் போற நாள்ல கூடப் போங்க. வரிசையில நிக்கறப்ப பிள்ளையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் இருந்தாலே போதும். ஒநேசிப்போருன்னு ஒருத்தரைப் பத்தி பவுல் என்ன எழுதறார்? என் விலங்கைக் குறிச்சு அவர் வெக்கப்படல, ரோமாபுரிக்கு வந்து என்னைத் தேடிக் கண்டுபிடிச்சார்னு எழுதறார். இந்த அம்மாவையும் தேடிப் போங்க.

கேள்வி: ஒரு சகோதரர் ஒரு லெட்டரை வெளிய போஸ்ட் பண்ணித் தரச் சொன்னார். பாவம், வீட்டுக்குத்தான். எடுத்துட்டு வந்துட்டேன். தப்பா?

தப்புதான். மறுபடி பண்ணாதீங்க, அந்த லெட்டரை போஸ்ட் பண்ணாம சிறை அதிகாரிகிட்டயோ சாப்ளின்கிட்டயோ குடுத்து நடந்ததை சொல்லிடுங்க. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, ஒரு சாட்சியை மிரட்டி எழுதினதா கூட இருக்கலாம். ஒரு லெட்டர், அப்புறம் ஒரு போன் நம்பர், அப்புறம் ஒரு சிம் கார்டு, இப்படித்தான் போகும். மாட்டினா உங்களோட நிக்காது, மொத்தக் குழுவுக்கும் கேட்டு மூடிடும், பாவம் அந்த வகுப்புக்காக வாரம் பூரா காத்திருக்கற மத்தவங்கதான். முடியாதுன்னு சொல்லுங்க, சொல்லிட்டு அடுத்த வாரமும் போய் அதே சிரிப்போட அவர் பக்கத்துல உக்காருங்க.

கேள்வி: நான் சிறைக் காவலர். ஊழியக்காரங்க வர்றாங்க, கைதிங்களைக் கட்டிப் பிடிக்கறாங்க, ஜெபம் பண்றாங்க, எங்களை ஒரு கதவு மாதிரி தாண்டிப் போறாங்க.

ஐயா, இதைக் கேட்டதுக்கு நன்றி. பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்து ஜெயில்ல இருந்தப்ப நடந்ததுல, இரட்சிக்கப்பட்டதா வெளிப்படையா சொல்லியிருக்கறது கைதிங்களை இல்ல, சிறைச்சாலைக்காரனைத்தான். பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்து கிடக்கறதைப் பாத்து எல்லாரும் ஓடிட்டாங்கன்னு நினைச்சு பட்டயத்தை உருவி சாகப் போனவன் அவன், "உனக்கு ஒரு கெடுதியும் செஞ்சுக்காத, நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்"னு பவுல் சத்தம் போட்டு நிறுத்தறார். அந்த வேலையோட பாரம் எவ்வளவுன்னு அதுல இருந்தே தெரியுது, ஒரு கைதி தப்பினா அவன் உயிர் போகும். அதே ராத்திரி அவன் அவங்க காயத்தைக் கழுவறான். நைட் டூட்டி, ஆள் பத்தாக்குறை, பாக்கற வன்முறை எல்லாம் வீட்டுக்கும் கூடவே வருதுன்னு எழுதியிருக்கீங்க. குழுவுல போறவங்க காவலர் பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, அவங்க வேலையைக் கஷ்டமாக்காதீங்க, நேரம் முடிஞ்சுதுன்னா ஜெபத்தை நீட்டாம எழுந்திருங்க.

கேள்வி: எங்க டீம் லீடர், இருளான இடத்துக்கு நாம வெளிச்சம் கொண்டு போறோம்னு ஒவ்வொரு தடவையும் சொல்றார். எனக்கு என்னமோ உறுத்துது.

எனக்கும் உறுத்துது. பிலிப்பியர், எபேசியர், கொலோசெயர், பிலேமோன், இந்த நாலும் ஜெயில்ல கட்டுண்டிருந்த பவுல் எழுதின நிருபங்க, அங்கிருந்து வெளிச்சம் நமக்குத்தான் வந்துச்சு. டீட்ரிச் போன்ஹோஃபர்ங்கற ஜெர்மன் பாஸ்டர் பெர்லின் டேகல் ஜெயில்ல இருந்தப்ப 1943 கிறிஸ்துமஸுக்கு கூட இருந்த கைதிங்களுக்காக ஜெபங்கள் எழுதிக் குடுத்தார், அவரே அங்க கைதி. நீங்க போற ஜெயில்லயும் நீங்க போறதுக்கு முன்னாடியே ராத்திரி உக்காந்து ஜெபிக்கறவங்க ரெண்டு மூணு பேர் இருப்பாங்க, யார்னு கேளுங்க, அவங்களை நடத்த விட்டு நீங்க உக்காந்து கேளுங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வகுப்புல வயசான ஒருத்தர் எப்பவும் பின்னாடி உக்காந்து, பைபிளைக் குடுத்தா "நீங்களே வாசிங்க"ன்னு திருப்பிக் குடுத்துடுவார், ஆர்வம் இல்லன்னு குழு விட்டுடுச்சு. கூட இருந்த ஒரு பையன்தான் சொன்னான், அவர் கண்ணாடி உடைஞ்சு மாசக்கணக்காச்சு, கேக்க வெக்கப்படறார்னு. அதிகாரிகிட்ட அனுமதி வாங்கி கண்ணாடி வர வச்சாங்க, அதுக்கு அப்புறம் அவர்தான் மத்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டறார். அந்தப் பையன் பாத்ததை வெளியிலிருந்து போன யாரும் பாக்கல. எரேமியா தீர்க்கதரிசியை சேத்துக் குழியில இருந்து தூக்கின எபெத்மெலேக்கும் இப்படித்தான், கயிறு அக்குளை அறுக்கும்னு யோசிச்சு பழைய துணியை முதல்ல இறக்கி கைக்கு அடியில வச்சுக்கச் சொன்னான்.

கேள்வி: விடுதலையாகி வந்த ஒருத்தர் எங்க சபைக்கு வர ஆரம்பிச்சிருக்கார். குழந்தைங்க சம்பந்தப்பட்ட கேஸ்னு கேள்விப்பட்டோம். ஏத்துக்கறதா, வேணாம்னு சொல்றதா?

மன்னிப்பு வேற, நம்பி ஒப்படைக்கறது வேற. சண்டே ஸ்கூல், வாலிபர் கூட்டம், குடும்பங்கள் தங்கற முகாம், இதுல எல்லாம் அவர் கிட்ட வரவே கூடாது, எத்தனை வருஷம் ஆனாலும், எவ்வளவு கண்ணீரோட சாட்சி சொன்னாலும். சட்டம் என்ன கட்டுப்பாடு வச்சிருக்குன்னு அதிகாரிங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. எழுத்துல ஒரு ஒப்பந்தம் போடுங்க, எந்த ஆராதனை, எந்த வாசல், கூட யார் உக்காருவாங்கன்னு. மனசு உண்மையா மாறினவர் இதுக்கு கோவிச்சுக்க மாட்டார்.

விரட்டறதாலயும் பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு வராது, யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போய் தனியா இருப்பார். 1994ல கனடாவுல ஹாமில்டன்ல இதே பிரச்சினை வந்துச்சு, ஊரே பயந்துச்சு, ஹாரி நைங்கற மென்னோனைட் பாஸ்டர் தன் சபையில சில பேரைச் சேத்து அந்த ஆளைச் சுத்தி ஒரு வட்டம் மாதிரி வச்சார், தினம் யாராவது பேசுவாங்க, பாப்பாங்க, வீடு மருந்து வேலைக்கு உதவுவாங்க, தப்பான திசையில போறார்னு தெரிஞ்சா முகத்துக்கு நேரா கேப்பாங்க, தேவைன்னா போலீஸ்கிட்ட சொல்வாங்க. அது இப்ப பல நாட்டுல நடக்குது. உங்க சபையில அப்படி நாலஞ்சு பக்குவமான ஆளுங்க கிடைச்சா ஏத்துக்குங்க. கிடைக்கலன்னா எங்களால முடியாதுன்னு நேர்மையா சொல்லி முடியற இடத்தைத் தேடிக் குடுங்க.

கேள்வி: எனக்கு எழுபது வயசுக்கு மேல, முழங்கால் வலி, அவ்வளவு தூரம் போக முடியாது. ஜெபம் மட்டும்தானா?

லெட்டர் எழுதுங்கம்மா. ஜெயில்ல இருந்து எழுதின கடைசி நிருபத்துல பவுல் தீமோத்தேயுகிட்ட என்ன கேக்கறார்னு பாருங்க, துரோவாவுல விட்டுட்டு வந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னாடி வந்துடுன்னு கேக்கறார். பெரிய தேவ மனுஷனுக்கும் குளிருது, படிக்க எதாவது வேணும்னு இருக்கு, ஆள் வரணும்னு இருக்கு.

சாப்ளின் மூலமாவோ உங்க சபைக் குழு மூலமாவோ யார்கிட்ட இருந்தும் லெட்டரே வராத ஒருத்தர் பேரை வாங்கிக்குங்க, நேரா நீங்களா தேடாதீங்க. உங்க வீட்டு விலாசம் போடாதீங்க, சபை விலாசம் போடுங்க. பெரிய எழுத்துல, மாசத்துக்கு ஒண்ணு, ஒரு பக்கம் போதும். வசனம் ஒண்ணு எழுதுங்க, மிச்சம் முழுக்க உங்க தோட்டம், பேரப்பிள்ளைங்க, நீங்க படிச்சது, மழை பெஞ்சது, இதை எழுதுங்க, உள்ள இருக்கறவங்களுக்கு வெளியில நடக்கற சாதாரண விஷயம்தான் கிடைக்கறதில்ல. எல்லா லெட்டரையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க, அதை மனசுல வச்சு எழுதுங்க. பணம் கேட்டு பதில் வந்தா குழுகிட்ட சொல்லிடுங்க, நீங்களா அனுப்பாதீங்க. முதல் மூணு நாலு லெட்டருக்கு பதிலே வராம இருக்கலாம், எழுதத் தெரியாதவரா இருக்கலாம், யாரையாவது கேட்டு எழுதணும், தபால் தலை வாங்கணும். நீங்க பாட்டுக்கு அடுத்த மாசத்து லெட்டரைப் போட்டுடுங்க.